எழுதுகோலின் அமானிதம்

 

சில ஆண்டுகளுக்கு முன், நம் மத்ரஸாவில் ஓதிவந்த மாணவர் ஒருவர் பழந்துணியில் சுற்றிய கையேடு ஒன்றைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். அவர்களுடைய பூர்வீக வீட்டை இடித்துக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பரணில் கிடந்த பழைய பெட்டியில் அது இருந்ததாகவும், பல்லாண்டுகளுக்கு முன் மறைந்த தம் வாப்பும்மாவின் ஏடாக இருக்கலாம் என்றும் கூறினார். "எழுத்து அரபியாகத்தான் இருக்கிறது உஸ்தாத். ஆனால் ஓதிப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை" என்றார்.

விளங்காததற்குக் காரணம் எளிது. எழுத்து அரபி, மொழி தமிழ். அது அரபுத்தமிழ் ஏடு. வழக்கமான அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்து ஆக்கப்பட்ட சில எழுத்துகளின் ஒலியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அரைமணி நேரத்திற்குள் அந்தப் பிள்ளை தடுமாறித் தடுமாறி ஒரு வரியை வாசித்தார். தம் வாய் உச்சரிப்பது தம் வீட்டுத் தமிழ் என்று உணர்ந்த கணத்தில் அவர் முகத்தில் தோன்றிய வியப்பை இன்றும் நாம் மறக்கவில்லை. அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்ததைப் பற்றி இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம். அதற்கு முன், கையால் எழுதுவதற்கு நம் சமுதாயம் எத்தகைய இடத்தை அளித்திருந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

எழுதக் கற்ற சமுதாயம்

ஹிரா குகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களிலேயே, எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்த பேரருள் நினைவூட்டப்படுகிறது. திருமறையின் 68ஆவது அத்தியாயத்திற்கு எழுதுகோலே பெயராயிற்று. அந்த வஹீயைப் பெற்றுக்கொண்ட நபி (ஸல்) அவர்களோ எழுதப் படிக்க அறியாத உம்மி நபி. தாம் எழுதாத அவர்கள்தாம் ஒரு சமுதாயத்தையே எழுத வைத்தார்கள்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்களுள், மீட்புத்தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. போரில் எதிரியாக நின்றவரை ஆசிரியராக அமர்த்திய அந்த முடிவை ஒவ்வொரு மத்ரஸா ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண்களும் இக்கல்விக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எழுதத் தெரிந்த சஹாபியப் பெண்மணி. அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த செய்தி ஹதீஸில் வந்திருக்கிறது. யமாமாப் போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்களின் வலியுறுத்தலால் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் திருமறையை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மலையொன்றைப் பெயர்த்து வைக்கச் சொல்லியிருந்தாலும் அது தமக்கு இதைவிடப் பாரமாக இருந்திராது என்று கருதிய ஸைத் (ரலி) அவர்கள், பேரீச்ச மட்டைகளிலும் கற்பலகைகளிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் இருந்ததைத் தேடித் திரட்டினார்கள். அந்த ஏடுகள் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹஃபுகளைப் பிரதியெடுக்க முனைந்தபோது, கேட்டு வாங்கியது அந்த ஏடுகளைத்தான். எழுதக் கற்ற ஒரு பெண்ணின் வீட்டில் உம்மத்தின் மாபெரும் அமானிதம் பத்திரமாக இருந்தது.

எழுத்தும் பொறுப்பும்

திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது என்று அது அறிவுறுத்துகிறது. வஸிய்யத்துச் செய்ய வேண்டிய பொருள் உடைய ஒரு முஸ்லிம், அதை எழுதித் தம்மிடம் வைத்திராமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் வந்த நபிமொழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கையெழுத்து மட்டுமே போதிய சான்று என்று நம் ஃபுகஹாக்கள் அனைவரும் ஒப்பவில்லை. ஒருவர் எழுத்தைப் போல மற்றவர் எழுத முடியும் என்பதால், சாட்சிகளையும் வேண்டினர். மேற்கண்ட வசனமும் எழுத்தோடு சாட்சியையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே கையெழுத்தின் மதிப்பு நீதிமன்றச் சான்றாக விளங்குவதோடு முடிந்துவிடவில்லை. எழுதுகிறவர் தம்மைத்தாமே ஒரு பொறுப்பில் கட்டிக்கொள்கிறார். 'நான் இவருக்கு இவ்வளவு தர வேண்டும்' என்று ஒருவர் தம் கையால் எழுதும்போது, அக்கடன் அவருடைய பேச்சிலிருந்து அவருடைய நெஞ்சுக்குள் இறங்குகிறது.

கேப் டவுனில் ஒரு முதியவர்

இந்தப் பொறுப்பை வாழ்ந்து காட்டிய ஒருவரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இன்றைய இந்தோனேசியாவின் தீதோர் தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களே அவர். டச்சுக்காரர்கள் 1780ஆம் ஆண்டில் அவரைக் கைதியாக்கி, கடல் கடத்தித் தென்னாப்பிரிக்காவின் முனைக்குக் கொண்டுவந்து ராபன் தீவில் சிறைவைத்தனர். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். பின்னாளில் அம்மண்ணின் முஸ்லிம்கள் அவரைத் 'துவான் குரு' என்று அழைத்தனர். 'மதிப்பிற்குரிய ஆசான்' என்பது அதன் பொருள்.

நாடில்லை, கிதாபுகள் இல்லை, வெளிப்படையாக மார்க்கத்தைப் பின்பற்ற அனுமதியும் இல்லை. நெஞ்சில் மனனம் செய்த திருமறையும் கற்ற கல்வியும் மட்டுமே அவரிடம் இருந்தன. 1781ஆம் ஆண்டில் அவர் 'மஅரிஃபத்துல் இஸ்லாமி வல் ஈமான்' என்னும் நூலை எழுதி முடித்தார். அரபியும் மலாயும் கலந்த, அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அகீதா நூல் அது. திருமறையையும் தம் மனனத்திலிருந்தே முழுமையாக எழுதினார். விடுதலையான பின் 1793ஆம் ஆண்டில் கேப் டவுனில் மத்ரஸா ஒன்றைத் தொடங்கினார். தொடர்ந்து, தென்னாப்பிரிக்காவின் முதற்பள்ளியான அவ்வல் மஸ்ஜித் உருவாயிற்று. அந்நாட்டில் மதச் சுதந்திரம் 1804ஆம் ஆண்டில்தான் சட்டமாகியது என்பதை நினைத்தால், அந்த மத்ரஸாவின் துணிவு விளங்கும். 1807ஆம் ஆண்டில் அவர் இறையடி சேர்ந்தார்.

அவருடைய கையெழுத்து முஸ்ஹஃப் ஒன்று, 1980களின் நடுவில் அவ்வல் மஸ்ஜிதைப் புதுப்பித்தபோது, மேற்கூரைப் பரணில் காகிதப் பையொன்றில் கண்டெடுக்கப்பட்டது. பக்க எண்கள் இல்லாத உதிரி ஏடுகள் அவை. உள்ளூர் ஆலிம்கள் அவற்றை வரிசைப்படுத்திக் கட்டமைக்க மூன்றாண்டுகள் ஆயின. மனனம் செய்த நெஞ்சொன்று எழுதியதை, மனனம் செய்த வேறு சில நெஞ்சங்களே இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வரிசைப்படுத்தின.

கேப் டவுன் மத்ரஸாக்களில் மாணவர்கள் தம் பாடங்களை உஸ்தாத் சொல்லச் சொல்லத் தம் கையாலேயே எழுதி மனனம் செய்தனர். அந்த ஏடுகளுக்குக் 'கோப்லெஸ்புக்' என்று பெயர். முதலில் மலாய் மொழியிலும், பின்னர் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும், ஆனால் அரபு எழுத்தில் அவை எழுதப்பட்டன. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் தொடக்ககால எழுத்துச் சான்றுகளுள் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதியவையும் அடங்கும். அந்நாட்டை ஆண்டவர்கள் சமையற்கட்டு மொழி என்று இகழ்ந்த ஒரு பேச்சை, அடிமைகளின் பிள்ளைகள் மார்க்கக் கல்விக்காக எழுத்தில் ஏற்றினார்கள்.

நம் வீட்டு ஏடுகள்

இதைப் படிக்கும்போது நம் கரையோர ஊர்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் நம் முன்னோர் செய்ததும் இதுவே. அரபியின் 28 எழுத்துகளுள் நம் ப, ட, ங, ஞ, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு எழுத்தில்லை. இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளிகளைச் சேர்த்து அந்தக் குறையை நீக்கித் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898), மக்கள் நாவில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம், 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற மார்க்கச் சட்ட நூல்களை அரபுத்தமிழிலேயே இயற்றினார்கள்.

இதனால் பெரும்பயன் அடைந்தோர் பெண்கள். பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்துக் கற்கும் வாய்ப்பு அக்காலப் பெண்களுக்கு அரிது. ஆனால் குர்ஆன் ஓதக் கற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அரபு எழுத்து தெரியும். அந்த எழுத்தே அவர்களுக்குத் தாய்மொழியின் வாசலாயிற்று. தொழுகைச் சட்டங்களைப் படித்தனர், பாடல்களைப் படியெடுத்தனர், கடல் கடந்து சென்ற கணவருக்குக் கடிதம் எழுதினர். அரசுக் கணக்கில் 'எழுத்தறிவில்லாதவர்' என்று பதிவாகியிருக்கக்கூடிய பெண்மணியின் தலையணைக்கடியில் அவர் கைப்பட எழுதிய ஏடு இருந்தது.

பின்னர் கல்லச்சு வந்தது. காதிப் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடும் அந்த முறை, நம் சமுதாயத்திற்கு எளிதாகப் பொருந்தியது. அச்சு வந்தும் கையெழுத்து அழியவில்லை என்பதே காரணம். சென்னை திருவல்லிக்கேணியில் 1927ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'முசல்மான்' என்னும் உருது நாளிதழ், கணினி வந்த பின்னும் இந்த நூற்றாண்டில் காதிப்களின் கையெழுத்திலேயே வெளிவந்தது. நான்கு பக்கங்கள், ஒரு பக்கத்தை எழுதிமுடிக்கச் சில மணி நேரம். கடைசி நேரச் செய்திக்காக முதற்பக்கத்தில் ஓர் மூலையை வெறுமையாக விட்டு வைப்பார்கள்.

ஏன், நம் கைப்பேசியில் ஓதும் குர்ஆனும் பெரும்பாலும் ஒரு மனிதரின் கையெழுத்தே. சிரியாவின் ஹலப் பகுதியில் 1934ஆம் ஆண்டில் பிறந்த உஸ்மான் தாஹா அவர்கள், மதீனாவின் மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகத்திற்காக எழுதிய முஸ்ஹஃப் உலகெங்கும் பரவியிருக்கிறது. பக்கத்திற்கு 15 வரிகள். மொத்தம் 604 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவுறும். குர்ஆன் செயலிகள் பலவற்றில் தோன்றும் எழுத்துருக்கள் அவருடைய கையெழுத்திலிருந்து உருவாக்கப்பட்டவை. கண்ணாடித் திரையின் மேல் விரலை நகர்த்தும்போதும், ஒரு மனிதர் வுளூவோடு அமர்ந்து கலத்தால் வரைந்த அலிஃபைத்தான் நாம் தொடுகிறோம்.

கருவி பகையன்று

ஆகவே கைப்பேசியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஒரு ஹதீஸைத் தேட முன்பு நாள் முழுதும் ஆகும். இன்று ஒரு நொடி போதும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் கல்விகற்ற உமர் இப்னு சயீத் என்பவர் 1807ஆம் ஆண்டில் அடிமையாக அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டபோது சிறைச் சுவரிலும் அரபியில் எழுதினார். 1831ஆம் ஆண்டில் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். ஆட்சியும் உடைமையும் யாருக்கு உரியவை என்பதைப் பேசும் அல்முல்க் அத்தியாயத்தோடு அதைத் தொடங்கினார். தம்மை விலைக்கு வாங்கியவர்களின் மண்ணிலிருந்து ஓர் அடிமை எழுதியது அது. அவருடைய கையெழுத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருப்பதால்தான் நம் மாணவர்களும் அதைப் பார்க்க முடிகிறது. கையெழுத்தைக் காக்கவும் பரப்பவும் கணினி நல்ல ஊழியன்.

ஆனால் ஊழியனிடம் வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுத்துவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். கடன் கணக்கு கைப்பேசியில், அமானிதப் பொருளின் விவரம் ஒரு குரல் பதிவில், வஸிய்யத்தோ மனத்தில். உரியவர் மறைந்த மறுநாள், பூட்டிய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வாரிசுகள் திகைத்து நிற்பதை ஜனாஸா வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். மையித்தின் கடனை அடைக்காமல் சொத்தைப் பிரிக்க முடியாது என்பது மார்க்கம். கடன் எவ்வளவு என்பதே தெரியாதபோது பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நான்கு கோடுகள்

இப்போது அந்த ஏட்டிற்குத் திரும்புவோம்.

தொழுகையின் ஃபர்ளுகள், ஸலவாத்துகள், பிள்ளைகள் பிறந்த நாட்கள், யாருக்கோ கொடுத்த நெல்லின் அளவு என்று பலவும் அதில் இருந்தன. கடைசிப் பக்கங்களில் ஆண்டுவாரியாக ரமளான் என்று தலைப்பிட்டு, அதன் கீழே சிறுசிறு நேர்கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மீதும் குறுக்கே ஒரு கோடு. மாணவர் அதை ஏதோ பால் கணக்கு என்று நினைத்தார். பக்கத்தின் ஓரத்தில் 'களா' என்ற சொல்லை வாசித்ததும் எல்லாம் விளங்கிற்று. மாதவிலக்கினாலும் பிள்ளைப்பேற்றினாலும் விடுபட்ட நோன்புகளை ஆண்டுதோறும் குறித்து, நோற்கும்போது ஒவ்வொன்றாக அடித்து வந்திருக்கிறார் அந்தத் தாய். பக்கம் பக்கமாக அடித்த கோடுகள். கடைசிப் பக்கத்தில் மட்டும் நான்கு கோடுகள் அடிக்கப்படாமல் நின்றன.

நோற்றுவிட்டு அடிக்க மறந்தாரா, நோற்கும் முன்பே நோயில் விழுந்தாரா, அல்லாஹ்வே அறிவான். மாணவர் தம் வாப்பாவை அழைத்து வந்தார். அவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ஏட்டைக் கையில் வாங்கி அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு கடமை நிலுவையிலிருக்க மரணித்தவருக்காக அவருடைய பொறுப்பாளர் நோன்பு நோற்கலாம் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியையும், நோன்பொன்றுக்கு ஒரு முத்து உணவு வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபின் மற்றொரு கருத்தையும், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் நோன்பு நோற்பதைச் சரிகண்டதையும் எடுத்துரைத்தோம்.

"நோற்றே விடுகிறேன் ஹஸரத்" என்றார் அவர்.

அடுத்த இரு வாரங்களில் திங்களும் வியாழனும் நோன்பு நோற்றார். நான்காம் நாள் மஃரிபுக்குப் பின் அந்த ஏட்டோடு மத்ரஸாவிற்கு வந்தார். மீதமிருந்த கோடுகளை அடிக்கலாமா என்று கேட்டார். அது உங்கள் தாயாரின் கணக்கு, அடிப்பதற்கு உரியவர் நீங்களே என்றோம். பழுப்பேறிய தாளில், தாயின் கோடுகளின் மீது மகனின் நடுங்கும் கை நான்கு கோடுகளை இழுத்தது.

அந்தத் தாய் அதைத் தம் கையால் எழுதாமல் இருந்திருந்தால் அந்த மகனுக்கு இந்த வாய்ப்புக் கிட்டியிராது. அதை வாசிக்கும் எழுத்தறிவு நம்மிடையே முற்றிலும் அழிந்திருந்தாலும் கிட்டியிராது. இடிக்கும் வீட்டின் குப்பையோடு அப்பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தாலும் கிட்டியிராது. எத்தனை வீடுகளில் அப்படிப் போயிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆகவே, அன்பர்களே, நம் வேண்டுகோள் சில. உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய ஏடுகள் இருந்தால், அவற்றைக் கழிப்பதற்கு முன் ஊரிலுள்ள ஓர் ஆலிமிடமோ அரபுத்தமிழ் அறிந்த பெரியவரிடமோ காட்டுங்கள். பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். மக்தபில் ஓதும் உங்கள் பிள்ளைக்கு அரபு எழுத்துகள் ஏற்கெனவே தெரியும். மீதமுள்ள சில எழுத்துகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய பொருள் உங்களிடம் அமானிதமாக இருக்கிறது, எத்தனை நோன்பு களாவாக நிற்கிறது என்பதை உங்கள் கையால் எழுதி, இருவரைச் சாட்சியாக்கி, வீட்டாருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

நம் வலப்புறமும் இடப்புறமும் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் கண்ணியமிக்க எழுத்தர்களின் ஏட்டை நாம் இங்கே பார்க்க முடியாது. நம் கையால் எழுதும் ஏட்டையேனும் நேர்செய்து வைப்போம். வல்ல அல்லாஹ், அந்தத் தாயின் பிழைகளைப் பொறுத்து, அவர் மகனின் நோன்பை ஏற்று, நம் அனைவரின் கணக்கையும் எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.